பாஸ்புக் மிஷின் படுத்துவிட்டால் எங்கே பார்ப்பது? செட்டிநாட்டுக் கிளைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் எந்த வங்கிக்குப் போனாலும் வாசல் ஓரமாக ஒரு பாஸ்புக் மிஷின் நிற்கும். மாத முதல் வாரத்தில் வரிசை அதன் முன்னால்தான். ஓய்வூதியம் ஏறியதா, நூறு நாள் வேலைக் கூலி வந்ததா, சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியது சேர்ந்ததா என்று போனில் பார்க்கத் தெரியாதவர்களுக்கு அந்த அச்சடித்த வரிதான் சாட்சி. மிஷின் நின்றால் அவர்கள் கவுன்டருக்குப் போகிறார்கள். கவுன்டரில் கூட்டம், அதனால் நாளைக்கு வரச் சொல்கிறார்கள். எழுபது வயதுக்காரர் அதற்காக இன்னொரு முறை பஸ் ஏற வேண்டும். பெரும்பாலும் இது தவிர்க்கக்கூடிய அலைச்சல் என்பதால் இதை எழுதுகிறேன்.

கிளை ஊழியர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், மிஷின் பராமரிக்கும் தம்பிகள் எல்லோருக்கும் பயன்படும்படி அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிறேன். கூடவே, அந்தக் கோளாறு திரும்ப வராமலிருக்க அடுத்த மிஷினில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்றும் சொல்கிறேன். பழைய மிஷின் எங்கெங்கே படுத்ததோ, அதுதான் புதிய மிஷினுக்கான விவரக்குறிப்பு. கம்பெனிக்காரர் காட்டும் தாளில் பிராசசர் வேகமும் திரை அளவும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். நம் பக்கம் மிஷின்கள் சாவது தூசியாலும் சூட்டாலும் கரண்ட்டாலும். தாளில் அதைப் பற்றி எழுதியிருக்கும் சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள்.

மிஷினைத் திறப்பதற்கு முன்

கிளையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். மிஷின் செருகியிருக்கும் பிளக் பாயின்ட்டில் எலக்ட்ரீஷியனை வைத்து மூன்று அளவு எடுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள். கடைசி அளவைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. ஆனால் திரை தானாக ஓடுவது, யூஎஸ்பி கருவிகள் திடீரென்று காணாமல் போவது, காரணமே தெரியாமல் மிஷின் மறுபடி ஆன் ஆவது எல்லாவற்றுக்கும் அந்த ஓர் அளவில் பதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், மிஷின் கதவைத் திறந்து உள்ளே ஒரு சாதாரண வெப்பமானியை வைத்து, மதியம் 3 மணிக்குப் பாருங்கள். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால் மூடிய இரும்புப் பெட்டிக்குள் அதற்கு மேலே ஏறும். வீட்டில் வைக்கும் கம்ப்யூட்டர்கள் பொதுவாக 35 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். அந்த ரகத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தால் கோடையில் அது படுப்பதில் ஆச்சரியம் இல்லை.

அறிகுறி: எழுத்து மங்கல், அல்லது எழுத்தின் நடுவே வெள்ளைக் கோடு

இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காரணம் வேறு வேறு. வரி முழுக்க ஒரே சீராக மங்கலாக இருந்தால் ரிப்பன் தீர்ந்துவிட்டது. மாற்றினால் போதும். மாற்றியும் மங்கல் என்றால், புத்தகத்தின் கனத்துக்கு ஏற்ப ஹெட்டுக்கும் (ரிப்பன் மேல் அடித்து எழுத்தைப் பதிக்கும் பாகம்) தாளுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி சரியாக விழவில்லை.

எழுத்துகளை வெட்டிக்கொண்டு வரி நெடுக ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு போனால் அது ரிப்பன் இல்லை. பாஸ்புக் பிரின்டரின் ஹெட்டில் பெரும்பாலும் 24 ஊசிகள் இருக்கும். அதில் ஒன்று ஒடிந்திருக்கிறது, அல்லது மையும் தூசியும் சேர்ந்து சிக்கியிருக்கிறது. அந்த ஊசி அடிக்க வேண்டிய இடம் மட்டும் வரி முழுக்க வெறுமையாக விழும். பிரின்டரிலேயே இருக்கும் சோதனை அச்சை ஓட்டிப் பார்த்தால் எந்த ஊசி என்பது வரை தெரியும். இந்தக் கோடு தெரிகிற கிளையில் ரிப்பனை மேலும் மேலும் மாற்றிக்கொண்டிருப்பது காசுக்குக் கேடு.

ஊசி ஏன் ஒடிகிறது? முக்கால்வாசி மலிவு ரிப்பனால். மறுபடி மை ஏற்றிய ரிப்பனில் ஒட்டுப் போட்ட இடம் தடித்திருக்கும், இல்லாவிட்டால் நூல் பிரிந்திருக்கும். ஊசி அதில் மாட்டிக்கொண்டு வளைகிறது. ரிப்பனில் மிச்சம் பிடிக்கும் தொகை ஹெட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வாங்கும்போது: ஹெட்டைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, கழற்ற எத்தனை திருகு, உதிரி ஹெட் மதுரையிலோ திருச்சியிலோ இருப்பில் உண்டா என்று கேளுங்கள். புத்தகக் கனத்தைத் தானாக அளந்து இடைவெளியைச் சரிசெய்யும் வசதி கட்டாயம் வேண்டும். கிராமப்புறக் கிளைகளில் மூன்று நான்கு வகைப் பாஸ்புக் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கும்.

அறிகுறி: வரி மேல் வரி விழுகிறது, அல்லது ஒரு வரவே காணவில்லை

இதைச் சின்னக் கோளாறாக நினைக்கக் கூடாது. 1937 பிப்ரவரி 10 அன்று ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் அதே நாளில் கிளை திறந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்து பேரேடு எழுதிப் பழகிய ஊர் இது. வரி தப்பிய கணக்கை இங்கே யாரும் "பரவாயில்லை" என்று வாங்கிக்கொள்ள மாட்டார்கள். "ஏன் தம்பி, முந்நூறு ரூபா குறையுதே?" என்று ஓர் ஆச்சி கேட்டால், இருப்புத் தொகை சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வரியைக் காட்ட வேண்டும்.

வரிகள் நெருங்கி நெருங்கி விழுந்தால் உருளை வழுக்குகிறது. ரப்பர் உருளையில் தூசி படிந்து பளபளப்பாகியிருக்கும். ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள். தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ரப்பர் இறுகிவிடும். துடைத்த பிறகும் வழுக்கினால் உருளையை மாற்ற வேண்டியதுதான்.

வரிகள் ஒழுங்கான இடைவெளியில், ஆனால் பழைய வரிகளின் மேலேயே விழுந்தால் பிரின்டரைத் திட்டிப் பயனில்லை. கடைசியாக எந்தப் பக்கத்தில் எந்த வரியில் நிறுத்தினோம் என்ற குறிப்பு வங்கியின் மையக் கணக்கில் இருக்கிறது. அது தவறியிருக்கிறது. கவுன்டரில் அந்த எண்ணைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். புதுப் புத்தகம் கொடுத்த பிறகு பழைய குறிப்பை அழிக்காமல் விடுவதால் இது அடிக்கடி நடக்கும்.

வரவே காணாமல் போவதுதான் மோசமானது. அச்சடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. மிஷினோ அதற்கு முன்பே "அச்சடித்தாயிற்று" என்று மையக் கணக்குக்குச் சொல்லிவிட்டது. புத்தகத்தில் வரி இல்லை, கணக்கில் வரி முடிந்தது. மென்பொருள் சரியாக எழுதப்பட்டிருந்தால், புத்தகம் வெளியே வந்தது என்று பிரின்டர் பதில் சொன்ன பிறகே முடிந்ததாகக் குறிக்கும். இதை வாங்குவதற்கு முன்பே சோதிக்கலாம்: செயல்விளக்கத்தின்போது பாதி அச்சில் பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி போட்டதும் எந்த வரியிலிருந்து தொடர்கிறது என்று பாருங்கள். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கம்பெனியிடம் வாங்காதீர்கள்.

அறிகுறி: பார்கோடு படிக்கவில்லை

முதலில் அந்த ஒரு புத்தகம் மட்டுமா, எல்லாப் புத்தகமுமா என்று பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் ஸ்டிக்கர் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது பிளாஸ்டிக் உறையோடு செருகியிருக்கிறார்கள். உறை ஒளியைத் திருப்பியடிக்கும், உள்ளே போய்ச் சிக்கவும் செய்யும். "உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள்" என்று மிஷினின் வாயருகே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

எல்லாப் புத்தகமும் என்றால் படிப்பானின் கண்ணாடியில் தூசி. காலையில் மட்டும் படிக்காமல் மதியம் படித்தால், கிழக்குப் பார்த்த வாசல் வழியாக வெயில் நேரே விழுகிறது.

வாங்கும்போது லேசர் படிப்பானைவிடப் படம் எடுத்துப் படிக்கும் ரகம் நல்லது. கிழிந்த, மங்கிய ஸ்டிக்கரையும் ஓரளவு தேற்றிவிடும். ஸ்டிக்கர் அடிக்க வெறும் தெர்மல் தாள் கூடாது. சூட்டில் கறுத்தும் வெளுத்தும் போகும்.

அறிகுறி: யாரும் தொடாமலே திரை ஓடுகிறது

திரை எந்த வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடியைச் சுற்றி உயர்ந்த சட்டம் இருந்தால் பெரும்பாலும் அகச்சிவப்பு வகை. சட்டத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். விரல் மறைத்த இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த மாலையில் ஈசல் வந்து ஒளிரும் திரையில் உட்காரும். மிஷினுக்கு ஈசலும் விரல்தான். ஒரு தடவை ஈசல் ஒன்று "ரத்து" பொத்தான் இருக்கும் மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். யார் புத்தகத்தை வைத்தாலும் மிஷின் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சட்டத்தின் உள்விளிம்பை மெல்லிய தூரிகையால் நான்கு பக்கமும் துடைத்ததும் சரியாகிவிட்டது. வெயில் நேரே விழுந்தாலும் இந்த வகை தடுமாறும்.

கண்ணாடி மட்டமாக, செல்போன் திரைபோல இருந்தால் மின்தேக்க வகை. இதற்கு ஈசல் பிரச்சினை இல்லை. எர்த் சரியில்லாவிட்டாலோ பவர் சப்ளை மட்டமானதாக இருந்தாலோ இது பேய்பிடித்ததுபோல் ஓடும். சோதிக்க எளிய வழி: மெயினை அணைத்துவிட்டு யூபிஎஸ் பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் நின்றால் குற்றம் மெயின் கரண்ட் வரும் வழியில். வியர்த்த, ஈரமான கையும் இதைக் குழப்பும்.

என் பரிந்துரை தடித்த, உறுதியாக்கிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மின்தேக்க வகை. எர்த்தை ஒழுங்காகப் போட்டுவிட்டால் அது தொந்தரவு தராது. எர்த் போடத் தயாரில்லாத கிளைக்கு எந்தத் திரையும் தாங்காது. வாசல் ஓரம் வெளிச்சத்தில் வைப்பதாக இருந்தால் திரையின் பிரகாச அளவையும் கேளுங்கள். சாதாரணத் திரை 250, 300 நிட்தான்; வெயில் விழும் இடத்துக்கு 1000 நிட் ரகம் வேண்டும். அதைவிட மலிவான வழி, மிஷினை வெயில் விழாத சுவருக்கு மாற்றுவது.

அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் "இணைப்பு இல்லை" என்கிறது

மோடத்தில் விளக்கு எரிகிறது, பக்கத்துக் கம்ப்யூட்டரில் இணைப்பு வருகிறது, மிஷினில் மட்டும் வரவில்லை என்றால் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். வருடக்கணக்கில் பழைய தேதி காட்டினால் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது. தேதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி வங்கிச் சர்வர் கதவைச் சாத்திவிடும். 3 வோல்ட் பேட்டரி. சில பத்து ரூபாய்தான். இதற்காக மதுரையிலிருந்து ஆள் வரக் காத்திருந்த கிளைகள் உண்டு.

கருப்புத் திரையிலேயே நின்றுவிட்டால் வட்டு அடிபட்டிருக்கிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள மிஷினை இனி வாங்கவே வேண்டாம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டிலும், திடீரென்று கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருப்பதை முடித்துக்கொள்ளும் பாதுகாப்பு உள்ள ரகமாகக் கேளுங்கள். மிஷின் உறைந்துபோனால் தானே மறுபடி ஆன் செய்துகொள்ளும் வாட்ச்டாக் டைமரும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உறைந்தால் வேறு யார் வந்து ஆன் செய்வது?

அறிகுறி: யூபிஎஸ் இருந்தும் மிஷின் உடனே அணைகிறது

பேட்டரி போய்விட்டது. அதற்குக் காரணம் அறை. மூடி வைத்த ஈய அமில பேட்டரிகளுக்கு 25 டிகிரிதான் கணக்கு; அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். நான்கு வருடம் வர வேண்டிய பேட்டரி 35 டிகிரி அறையில் இரண்டு வருடத்தில் முடிகிறது என்றால் கம்பெனி ஏமாற்றவில்லை, வேதியியல் அப்படி. பேட்டரி, உலோக அரிப்பு போன்றவற்றை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கும் காரைக்குடியில், யூபிஎஸ்ஸை மாடிப்படிக்கு அடியில் காற்றுப் புகாத பொந்தில் வைப்பதை இன்னும் பார்க்கிறேன். வெளியே எடுத்து வையுங்கள். தண்ணீர் படாத, காற்றோட்டமான இடம் போதும்.

எர்த் குழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பூமி செம்மண்ணும் செம்பாறாங்கல்லும். சித்திரை, வைகாசியில் குழி முழுக்கக் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஒழுங்காக ஓடிய மிஷின் கோடையில் மட்டும் தகராறு செய்தால் முதலில் குழியைச் சந்தேகியுங்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்து, சரியானால் காரணம் உறுதி. ஆனால் ஊற்றிக்கொண்டே காலம் தள்ள முடியாது. எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்கு மேல் இருந்தால் புதுக் குழி போடுங்கள். கோடையில் அளந்து பாருங்கள், மழைக்காலத்து அளவு உண்மையைச் சொல்லாது. இடிக்கு, மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பான் (திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுப்பது) வேண்டும். இணைப்புக்காக மாடியிலிருந்து இறங்கும் செம்புக் கேபிள் இருந்தால் அதற்கும் தனித் தடுப்பான் வேண்டும்.

அறிகுறி: பெட்டிக்குள் எப்போதும் தூசி

புதுவயல் மாதிரி அரிசி ஆலைகள் நிறைந்த இடத்தில் தவிட்டுத் தூசியும் உமித் தூசியும் காற்றிலேயே இருக்கும். பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் கிளை என்றால் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிரும். ஆனால் உள்ளே தூசி சேர்வதற்குப் பெட்டியின் வடிவமைப்பும் காரணம். பின்பக்கம் ஒரு மின்விசிறி உள்காற்றை வெளியே இழுத்துத் தள்ளினால், அதற்கு ஈடான காற்று எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே நுழையும். இருப்பதிலேயே பெரிய இடைவெளி பாஸ்புக் வாய். அதாவது, தெருத்தூசி முழுவதும் நேரே ஹெட்டின் மேலும் உருளையின் மேலும் போகிறது. ஒரு தாளைப் பாஸ்புக் வாயருகே பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்தால் இதுதான் நடக்கிறது.

சரியான அமைப்பில் கீழே வடிகட்டி, அதற்குள்ளிருந்து விசிறி காற்றை உள்ளே தள்ளும். மேலே வெளியேறும் துளை. வாயருகே பிடித்த தாள் வெளியே தள்ளப்படும். சில மிஷின்களில் விசிறியைத் திருப்பிப் பூட்டி, கீழே ஒரு வடிகட்டி போட்டாலே போதும். கம்பெனியின் அனுமதியோடு செய்யுங்கள். கையால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியாக இருக்க வேண்டும். திருகு கழற்றினால்தான் வரும் என்றால் யாரும் கழுவ மாட்டார்கள்.

ஐபி54 (தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் தாங்கும் தரக் குறியீடு) என்று தாளில் போட்டிருந்தால் அது பெட்டி முழுவதற்கா, திரைக்கு மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அறிகுறி: இடம் மாற்றியபின் பின் நம்பர் பலகை வேலை செய்யவில்லை

கார்டும் பின் நம்பரும் கேட்கும் மிஷின்களில் மட்டும் வரும் கோளாறு. பின் நம்பர் பலகையை யாராவது பெயர்க்க முயன்றால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகளை அது தானே அழித்துவிடும். மிஷினைச் சாய்த்து நகர்த்தினாலோ, அது ஆடிக்கொண்டே இருந்து திருகு தளர்ந்தாலோகூட இப்படி ஆகலாம். கிளையில் செய்ய எதுவும் இல்லை. அதிகாரம் பெற்றவர் வந்து சாவிகளை மறுபடி ஏற்ற வேண்டும். நீங்களாகத் திறக்காதீர்கள்.

ஏன் ஆடுகிறது என்பதுதான் நம் பக்கத்துக் கதை. வாடகைக்கு எடுத்த பழைய வீட்டில் ஆத்தங்குடிக் கல் பாவிய தளம். அதில் துளை போட வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் செய்வது சரிதான், ஒரு கல் விரிசல் விட்டால் அதே பூ வேலைப்பாட்டில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம். அதனால் மிஷின் சும்மா நிற்கிறது. தடித்த இரும்புத் தகடு ஒன்றை அடியில் ரப்பர் விரிப்போடு போட்டு, மிஷினை அந்தத் தகட்டில் போல்ட் செய்யுங்கள். தளத்துக்குச் சேதமில்லை, மிஷினும் அசையாது. தகட்டுக்கும் மிஷினுக்கும் இடையே நான்கு அங்குலம் உயர்த்தினால், காலையில் தளம் கழுவும் தண்ணீர் உள்ளே போகாது.

அறிகுறி: பணம் போடும் மிஷின் நோட்டைத் திருப்பித் தள்ளுகிறது

நல்ல நோட்டையும் தள்ளினால் உணரிகளில் தூசி, அல்லது இழுக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட நோட்டு வகையை மட்டும் தள்ளினால் மென்பொருள் பழையது. 2016 கடைசியிலிருந்து வந்த புதிய வரிசை நோட்டுகள் எல்லாம் வேறு அளவு. இப்போதைய 500 ரூபாய் 150 மில்லிமீட்டர் நீளம், 100 ரூபாய் 142. நோட்டு மாதிரிகளைப் புதுப்பிக்கும் செலவு ஒப்பந்தத்தில் யார் தலையில் என்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். சந்தையிலிருந்து வரும் வியாபாரிகள் மடித்து, ஈரத்தோடு கொண்டு வரும் நோட்டுகளை வைத்தே செயல்விளக்கம் கேளுங்கள். கம்பெனி கொண்டுவரும் மொடமொடப்பான கட்டு எந்த மிஷினிலும் ஓடும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

மிஷினின் ஆயுள் எத்தனை மணி நேரம் என்ற எண்ணைவிட, படுத்தால் எத்தனை மணி நேரத்தில் எழும் என்பதே கிளைக்கு முக்கியம். ரிப்பன், உருளை, ஃபியூஸ், பவர் சப்ளை, சிஆர்2032 ஆகியவை கிளையிலேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும். ஹெட் ஒன்று காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஏதாவது ஒரு கிளையில் பொதுவாக இருந்தால், சுற்றியுள்ள எல்லாக் கிளைகளுக்கும் அன்றைக்கே கிடைக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் "அழைத்த 24 மணி நேரத்தில் ஆள் வருவார்" என்று இருப்பதை "அழைத்த 24 மணி நேரத்தில் மிஷின் ஓடும்" என்று மாற்றச் சொல்லுங்கள். ஆள் வந்து பார்த்துவிட்டு, உதிரிப் பாகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிப் போவதும் முதல் வாக்கியத்தின்படி சேவைதான். கதவுச் சாவி மேலாளரிடம் மட்டும் இல்லாமல் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும். ரிப்பன் மாற்றுவதை அந்த இருவருக்கும் நிறுவும் அன்றே, அவர்கள் கையாலேயே செய்யவைத்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.